மதுரைக்கு அடியில் 40 கிலோமீட்டர்

சென்ற சித்திரையில் வீட்டில் தண்ணீருக்குப் போர் போட்டோம். மதுரையை ஒட்டிய ஒத்தக்கடைப் பக்கம் ஒரு காலத்தில் 200 அடியில் கிடைத்த தண்ணீர் எங்கே போனது என்று இப்போது யாரும் கேட்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை அடி போட்டார் என்பதுதான் கேள்வி. திருச்செங்கோட்டு வண்டி இரவு பத்து மணிக்கு வந்து நின்றது. முப்பது அடி வரை மண். அதன் கீழே சுக்கான். அதற்கும் கீழே பாறை. அப்புறம் விடியும்வரை பாறைதான். குழியிலிருந்து கல்மாவு பீறிட்டு வந்து எதிர்வீட்டு வாசல் கோலம், என் ஸ்கூட்டர், அம்மா மாடியில் மறந்துவிட்ட மோர்மிளகாய் என்று எல்லாவற்றின் மேலும் படிந்தது. 300 அடியைத் தாண்டினால் ஒவ்வொரு நூறு அடிக்கும் கட்டணம் கூடும். ஆகவே நான் ஆழத்தை ரூபாயில் அளந்துகொண்டு நின்றேன்.

சுமார் 400 அடியில் மாவின் நிறம் மாறியது. சாம்பலோடு இளஞ்சிவப்பு கலந்தது. வண்டியோடு வந்த பெரியவர் ஒரு தட்டில் கொஞ்சம் அள்ளி, தண்ணீர் ஊற்றி அலசி, டார்ச் வெளிச்சத்தில் என்னிடம் நீட்டினார்.

“பாருங்கள் சார், மாதுளம் முத்து மாதிரி. உங்கள் பக்கத்துக் கல்லில் இது நிறைய. துளைபோடுகிற பிட்டைத் தின்றுவிடும்.”

கசகசா அளவுக்கு நொறுங்கிய சிவப்புத் துகள்கள். கார்னெட். அந்தச் சொல்லே மாதுளையின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது என்பது பெரியவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கண் பார்த்ததை வாய் சொன்னது. நவரத்தின மோதிரத்தில் பதிக்கிற கோமேதகமும் இதே குடும்பத்துப் பிள்ளைதான்.

நான் நிலவியல் படித்தவன் அல்லன். கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஆனால் கல்லை நம்பி வாழ்ந்த குடும்பத்தில் பிறந்ததால் கல்லைப் பற்றி எது கிடைத்தாலும் படித்துவிடுவேன். அப்படிப் படித்ததில் தெரிந்தது: மதுரை வட்டாரத்துப் பாறைகள் வெந்த இடம் தரைக்குக் கீழே 25, 30 கிலோமீட்டர் ஆழம். அங்கிருந்த அழுத்தத்திலும் சூட்டிலும்தான் இந்தக் கார்னெட் விளைந்தது. பூமிக்குள்ளே இறங்குவதற்கு அடிக்கு இவ்வளவு என்று நான் பணம் கட்டிக்கொண்டிருக்கிறேன். கிடைப்பதோ எப்போதோ கீழேயிருந்து மேலே வந்துவிட்ட சரக்கு. விடியற்காலை மூன்று மணிக்கு இது ஒரு மோசடி போலவே தோன்றியது.

அப்படியானால் இதற்கும் கீழே என்ன இருக்கிறது?

எங்கள் போர் முடிவில் 510 அடி போனது, அதாவது 155 மீட்டர். மதுரைக்கு அடியில் கண்டத்தின் ஓடு, அதாவது பூமியின் மேல் பாறைத் தோல், ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தடிமன். எங்கள் போரைப் போல 250-க்கு மேல் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கினால்தான் அடித்தளம் வரும். உலகத்திலேயே ஆழமான துளையை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் போட்டார்கள். 1970-ல் தொடங்கி, 1989-ல் 12,262 மீட்டரை எட்டினார்கள். அங்கே சூடு 180 டிகிரி செல்சியஸ்; பாறை இளகித் துளையை மூடப் பார்த்தது, நிறுத்திவிட்டார்கள். ஒரு வல்லரசே பன்னிரண்டோடு கைகழுவிய இடத்தில் 40 கிலோமீட்டருக்கு வழி தேட வேண்டுமானால் தோண்டுகிற யோசனையை விட்டுவிட வேண்டும். காது கொடுத்துக் கேட்கலாம். கேட்பதைப் பற்றி எனக்குச் சொல்லித்தந்தவர் பாதிச் செவிடர்.

தாத்தா மேலூர்ப் பக்கத்துக் கல்குவாரியில் வெடி வைத்தவர். ஐம்பது வயதுக்குள் வலது காது முழுக்கப் போய்விட்டது, இடது காது பாதி. நான் பார்க்கும்போது வேலையை விட்டிருந்தார். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் தரையில் பதித்துக்கொள்வார். நாலு மணி வாக்கில் குவாரியில் வெடி போடுவார்கள். நாங்கள் பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்போம். முதலில் விரலை உயர்த்துபவர் தாத்தாதான். “எண்ணுங்கள்” என்பார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி ஆறைத் தொடும்போது ‘டமார்’ என்று சத்தம் வரும். அதே நேரத்தில் பக்கத்துச் செம்புத் தண்ணீரை உற்றுப் பார்த்திருந்தால், அவர் விரல் உயர்ந்தபோதே அதில் வளையம் ஓடியிருக்கும். சில நாள் எண்ணிக்கை ஒன்பது வரை போகும். “இது நம் குவாரி இல்லை, கிழக்கே உள்ளது” என்று முடிவு சொல்வார்.

பள்ளிக்கூடத்தில் இயற்பியல் படித்தபோதுதான் அந்த மாயம் விளங்கியது. காற்றில் ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகிறது. கெட்டிப் பாறையில் அதே அதிர்வு நொடிக்கு 5 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். குவாரி இரண்டு கிலோமீட்டர் தள்ளி என்றால், பாறை வழியாக வந்தது அரை நொடிக்குள் தாத்தாவின் காலைத் தொட்டுவிடும். காற்று வழியாக வருவது ஆறு நொடி கழித்துத்தான் எங்கள் காதுக்கு வரும். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் தூரம். நில அதிர்வு ஆய்வு என்று பெரிய பெயர் சொன்னாலும் அடிப்படை இதுதான்: ஒரே சம்பவத்தின் இரண்டு செய்திகள் வெவ்வேறு வேகத்தில் வருகின்றன, நடுவில் உள்ள நொடிகளை எண்ணு.

நிலநடுக்கத்தில் அந்த இரண்டு செய்திகளும் பாறை வழியாகவே வருகின்றன. பி அலை பாறையை அமுக்கி விரித்துக்கொண்டு ஓடும், வேகக்காரி. எஸ் அலை பாறையைப் பக்கவாட்டில் உதறிக்கொண்டு வரும், கொஞ்சம் சோம்பேறி. பக்கத்து நடுக்கமாக இருந்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு நொடி இடைவெளி என்பது சுமார் 8 கிலோமீட்டர் தூரத்துக்குச் சமம். கருவிப் பதிவில் இவற்றை முதலில் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம். அவரை இந்த வழியில் திருப்பியது 1897 ஜூன் 12 அன்று அசாமை உலுக்கிய பெரிய நடுக்கம்.

எங்களுக்குப் பக்கத்தில் கொடைக்கானல் இருக்கிறது. அங்குள்ள சூரிய ஆய்வகத்தைப் பலரும் தொலைநோக்கிக்காகப் போய்ப் பார்க்கிறார்கள். மலை உச்சியில் சூரியனைப் பார்த்துக்கொண்டே காலடியில் பூமியின் அதிர்வையும் பதிவு செய்த இடம் அது என்பது பலருக்குத் தெரியாது. 1960-களில் உலகம் முழுக்க ஒரே தரத்தில் அதிர்வுமானிகள் வைத்தபோது கொடைக்கானலும் அந்த வலையில் சேர்ந்தது. எனக்குப் பிடித்த ஒரு தற்செயல்: 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் கொடைக்கானலில் இருந்தபடி சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டு அக்டோபரில் குரோவேஷியாவில் ஒரு நடுக்கம் வந்தது. அதன் பதிவுகளை வைத்துக்கொண்டு ஆந்திரியா மோகோரோவிசிச், தூரத்து நிலையங்களுக்குச் சில அலைகள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் போய்ச் சேர்ந்திருப்பதைக் கவனித்தார். ஆழத்தில் வேறொரு வேகமான பாதையில் இறங்கி ஏறினால்தான் அது முடியும். நொடிக்கு 6, 7 கிலோமீட்டர் வேகம் சட்டென்று 8 ஆகிற எல்லை ஒன்று கீழே இருக்கிறது. மேலே ஓடு, கீழே மூடகம். அந்த எல்லைக்கு அவர் பெயரைச் சுருக்கி மோகோ என்கிறார்கள்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். கண்டங்கள் எப்படி உண்டாயின என்பது எனக்கு ஒரு டேலியாகாத கணக்காகத்தான் தெரிகிறது.

கடலுக்கு அடியில் உள்ள ஓடு பசால்ட், எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை. அது பிறக்கும், நகரும், திரும்ப உள்ளே போய்விடும். இன்றைய பெருங்கடல் தரையில் 20 கோடி ஆண்டுக்கு மேல் பழையது அநேகமாகக் கிடையாது. கண்டத்து ஓடோ மிதக்கிற சாதி. கனடாவில் 400 கோடி ஆண்டுப் பாறை இன்றும் வெயில் காய்கிறது. மூடகம் ஓரளவு உருகினால் வருவது பசால்ட். அதில் மணலின் மூலப்பொருளான சிலிக்கா சுமார் 50 சதவீதம். ஆனால் கண்ட ஓட்டின் சராசரி 60 சதவீதம். பசால்ட் மறுபடி ஒருமுறை உருகி, இலேசான பகுதி பிரிந்து மேலே வந்தால்தான் இந்த 60 கிடைக்கும். வெண்ணெய் உருக்குகிற மாதிரி. நெய் மேலே வரும், கசண்டு அடியில் தங்கும். கிரானைட்டை நெய் என்று வைத்துக்கொண்டால், அதைவிடப் பெரிய அளவில் கசண்டு எங்கேயாவது இருந்தாக வேண்டும். கனமான, இரும்பும் மெக்னீசியமும் நிறைந்த கசண்டு. வரவில் நெய் இருக்கிறது. பற்றுப் பக்கத்தில் கசண்டைக் காணோம்.

ஒன்று, அது ஓட்டின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். அல்லது, அழுத்தத்தில் எக்லோஜைட் என்ற இன்னும் கனமான பாறையாக மாறி, தன் எடை தாங்காமல் கழன்று மூடகத்துக்குள் மூழ்கிப் போயிருக்க வேண்டும். பாத்திரத்தின் அடியைப் பார்க்காமல் எது என்று சொல்ல முடியாது.

அடியைப் பார்ப்பதற்கு ஜப்பானில் ஒரு நடுக்கம் வந்தால் போதும். அங்கிருந்து பூமியின் வயிற்றுக்குள் இறங்கிவரும் பி அலை சுமார் பத்து நிமிடத்தில் மதுரைக்குக் கீழிருந்து ஏறக்குறைய செங்குத்தாக ஏறி வருகிறது. மோகோவைத் தாண்டும்போது அதில் ஒரு பகுதி எஸ் அலையாக உருமாறிவிடும். பி நேராக மேலே வந்து கருவியைத் தட்டும். உருமாறிய எஸ் அதே 40 கிலோமீட்டரை மெதுவாக ஏறி, நாலரை ஐந்து நொடி பிந்தி வந்து தட்டும். தாத்தா விரலை உயர்த்துகிறார், நாம் எண்ணுகிறோம். இந்தத் தடவை குவாரி நம் காலுக்கு நேர் கீழே. இதற்கு ரிசீவர் ஃபங்ஷன் என்று பெயர். 1970-களின் பிற்பகுதியில் உருப்பெற்ற முறை. ஐந்து நொடி என்பது தடிமனான ஓட்டினாலும் வரலாம், எஸ் அலையைக் கூடுதலாக இழுத்துப் பிடிக்கிற பாறையினாலும் வரலாம். ஒரு சமன்பாட்டில் இரண்டு மறைபொருள். அதனால் தரையில் மோதித் திரும்பி, மோகோவில் எகிறி, மீண்டும் மேலே வருகிற எதிரொலிகளையும் எண்ணுகிறார்கள். அப்போது தடிமன் தனியாகவும், பி வேகத்துக்கும் எஸ் வேகத்துக்கும் உள்ள விகிதம் தனியாகவும் பிரிந்துவிடும்.

இந்த விகிதத்தில்தான் கசண்டு அகப்படும். குவார்ட்ஸ் நிறைந்த கிரானைட் வகையில் அது 1.7-ஐ ஒட்டி நிற்கும். இரும்பு, மெக்னீசியம் நிறைந்த பாறையில் 1.8-ஐத் தாண்டும். சிற்பிகள் கல்லைத் தட்டிப் பார்த்து, மணிபோல் ஒலித்தால் ஆண்கல், தாளம்போல் ஒலித்தால் பெண்கல், ஒலியே எழாவிட்டால் அலிக்கல் என்று பிரிப்பதாகச் சொல்வார்கள். மீனாட்சியம்மன் கோயில் வடக்கு ஆடி வீதியில் இசைத்தூண்களைத் தட்டிப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. (இப்போது தட்ட விடுவதில்லை. சரிதான், எத்தனை கை தாங்கும்.) ஒலியைக் கேட்டு உள்ளிருப்பதைச் சொல்வது மானாமதுரையில் கடம் வாங்குகிறவரும் செய்கிற வேலை.

இப்படிக் கேட்டதில் தென்னிந்தியாவில் என்ன தெரிந்தது? கர்நாடகத்தின் ஹாசன், சிக்கமகளூர் பக்கத்தை நிலவியலில் மேற்குத் தார்வார் என்பார்கள். 300 கோடி ஆண்டையும் கடந்த பாறைகள் உள்ள நிலம். அங்கே ஓடு தடிமன், சில இடங்களில் 50 கிலோமீட்டர். அடியில் வேகமான, கனமான அடுக்கு இருக்கிறது. கசண்டு கழுவாத பாத்திரம். அதற்குக் கிழக்கே பெங்களூர், கோலார் வழியாக வருகிற கிழக்குத் தார்வார் இளையது, சுமார் 250 கோடி ஆண்டு. அங்கே ஓடு 35 கிலோமீட்டரை ஒட்டியது, குவார்ட்ஸ் தன்மை அதிகம், அடியில் கசண்டு பெரும்பாலும் இல்லை. இரண்டும் அக்கம்பக்கத்து வீடு. பழங்காலக் கண்டங்கள் எல்லாம் ஒரே செய்முறையில் சமைக்கப்பட்டவை என்று சொல்கிற நேர்த்தியான விளக்கங்கள் மேல் எனக்கு நம்பிக்கை போனது இதைப் படித்த பிறகுதான்.

மதுரைக் கதை இன்னும் சிக்கல். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காவிரிப் பக்கம் வரை நீளும் ஒரு பெரிய வெட்டு மண்டலம், அதாவது பாறைகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த பட்டை, வடக்கே. செங்கோட்டைப் பக்கம் அச்சன்கோவில் மண்டலம் தெற்கே. நடுவில் உள்ளதை உலகத்து நிலவியல் ஏடுகள் ‘மதுரை பிளாக்’ என்றே அழைக்கின்றன. மேற்கே பழனி மலைப் பக்கத்தில் 250 கோடி ஆண்டுப் பாறைகள் உண்டு. பின்னர், சுமார் 55 கோடி ஆண்டுக்கு முன், கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒட்டியபோது இந்த நிலம் நடுவில் மாட்டிக்கொண்டது. கொடைக்கானல் மலையடிவாரத்துக் கெங்குவார்பட்டியில் சஃபிரின் என்ற நீலக் கனிமம் இருக்கிறது. 900 டிகிரிக்கு மேல் வெந்த பாறை என்பதற்கு அது சாட்சி. அங்கே வாழைத்தோப்புக்குள் கிடக்கிற கற்களைத் தேடி ஜப்பானிலிருந்தெல்லாம் ஆய்வாளர்கள் வந்திருக்கிறார்கள். மதுரை வட்டாரத்தின் வெள்ளைக் கல், சிவப்புக் கார்னெட் புள்ளிகளோடு, வெளிநாட்டுச் சமையலறைகளில் ‘காஷ்மீர் ஒயிட்’ என்ற பெயரில் பளபளக்கிறது. மதுரைக் கல்லுக்குக் காஷ்மீர் பெயர்! பெயரில் நமக்கு எப்போதும் அதிர்ஷ்டம் குறைவு. பல்லாவரத்துக் கல்லுக்கும் இதே கதிதான். அது கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கில வணிகரின் கல்லறைப் பலகையாகப் போனது. 1893-ல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பாறை வகைக்கே அவர் நினைவாகச் சார்னோகைட் என்று பெயர் வைத்துவிட்டார். பழனி மலைகளின் பெரும்பகுதி சார்னோகைட்தான்.

இப்போது கூட்டிப் பாருங்கள். என் தட்டில் கிடந்த கார்னெட் 25 கிலோமீட்டர் ஆழத்தில் வெந்தது என்றால், அதன் மேல் இருந்த 25 கிலோமீட்டரும் மழையிலும் ஆற்றிலும் கரைந்துபோயிற்று என்று பொருள். அலைகள் சொல்வது, அதற்குக் கீழே இன்னும் 40 இருக்கிறது என்று. அப்படியானால் அன்று ஓடு 65 கிலோமீட்டர். இன்று அப்படித் தடித்த ஓட்டைப் பார்க்கத் திபெத்துக்குப் போக வேண்டும், அங்கே 70. அதாவது ஒத்தக்கடை ஒரு திபெத்தின் அடிவயிற்றில் இருக்கிறது. கி.பி. 770-ல் பாண்டிய அமைச்சர் மாறன் காரி எங்கள் யானைமலையில் நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரை எடுத்தபோது அவருடைய உளி பட்டது மலையின் மேற்புறம் என்று நினைத்திருப்பார். அது எப்போதோ இருந்த மலைத்தொடரின் அஸ்திவாரம்.

அந்த மீதி 40 எங்கிருந்து வந்தது? கரைந்த மேற்கூரைக்கு ஈடாகக் கீழிருந்து பசால்ட் குழம்பு வந்து ஒட்டியிருக்கலாம். அல்லது மோதலில் ஒரு ஓட்டின் கீழ் இன்னொன்று செருகிக்கொண்டு, இரண்டு அடுக்காகிப் போயிருக்கலாம். அண்ணன் தம்பி வீடு பிரிக்கும்போது ஒரே சுவருக்கு இரண்டு பத்திரம் கிளம்புவதைப் போல இங்கே இரு தரப்பும் வழக்காடுகின்றன. ஐதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் ஆந்திரத்தின் குப்பத்திலிருந்து பழனி வரை ஒரு நீண்ட கோடு போட்டு, துளைகளில் வெடி வைத்து, வரிசையாக அதிர்வுமானிகள் பதித்துக் கேட்டது. மோகோ 40 கிலோமீட்டருக்கும் கீழே விழுந்தது. நடுவில் அலை வேகம் குறைகிற ஓர் அடுக்கும் தெரிந்தது. என் மனம் செருகல் கட்சியின் பக்கம்தான் சாய்கிறது. பாலக்காடு–காவிரி மண்டலம் சும்மா ஒரு கீறலாக இருந்தால் இத்தனை ஆழம் வரை அலைகள் அங்கே தடுமாறாது. குழியில் வெடி வைத்து, தூரத்தில் ஒருவர் காத்திருந்து கேட்பது என்பதைத் தாத்தாவிடம் சொல்லியிருந்தால், இதற்கு ஏன் ஐதராபாத்திலிருந்து ஆள் வர வேண்டும் என்று கேட்டிருப்பார்.

இங்கே ஒரு வம்பை இழுத்தாக வேண்டும். இந்தப் பேச்சை எங்கே எடுத்தாலும், “அப்படியானால் குமரிக்கண்டம் உண்மைதானே?” என்று ஒருவர் எழுவார். தென்மதுரையைக் கடல் கொண்டது என்று படித்து வளர்ந்தவன் நானும்தான். லெமூரியா என்ற சொல் 1864-ல் பிலிப் ஸ்கிளேட்டர், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் கிடைத்த விலங்குச் சான்றுகளுக்கு விளக்கம் தேடிப் போட்ட ஊகம். கண்டங்கள் நகரும் என்று தெரியாத காலம். மடகாஸ்கர் நம்மோடு ஒட்டியிருந்தது உண்மை. சுமார் 9 கோடி ஆண்டுக்கு முன் பிரிந்து போனது. நம் வெட்டு மண்டலங்களின் தொடர்ச்சியை அங்கே போய்த் தேடுகிறார்கள். ஆனால் போனது பக்கவாட்டில், கீழே அல்ல. 40 கிலோமீட்டர் தடித்த ஒரு மிதவை மூழ்காது. மூழ்கியிருந்தால் அலைகள் காட்டிக்கொடுத்திருக்கும். குமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் அவை காட்டுவது கடல் ஓடு, சுமார் 7 கிலோமீட்டர் தடிமன். பனியுகத்தின் உச்சத்தில் கடல் மட்டம் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது, பிறகு ஏறியது. கரையோர ஊர்களைக் கடல் கொண்டிருக்கும், அந்த நினைவு பாட்டாக நின்றிருக்கும். அதை நான் மறுக்கவில்லை. காணாமல் போன கண்டத்துக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள், மேலூரில் இருக்கிற கண்டத்தை லாரி லாரியாக அனுப்பிவிட்டதைப் பற்றி அதே சூட்டோடு பேசியிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

510 அடியில் ஒரு விரிசல் அகப்பட்டது. ஒன்றரை இஞ்ச் தண்ணீர். வண்டிக்காரர் அதற்கு மேல் போக வேண்டாம் என்று அவராகவே சொன்னார்; கூடுதல் அடிக்குக் கூலி கிடைக்கும்போது அப்படிச் சொல்கிற ஆளை நான் மறக்க மாட்டேன். கணக்கு முடித்து, காபி குடித்து, விடியும்போது கிளம்பிவிட்டார்கள். தெருவில் கிடந்த மாவை அள்ளிக் கொட்டுவதற்கு முன்பு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய எடுத்து வைத்துக்கொண்டேன். அலமாரியில் கணக்குப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் நிற்கிறது. வெயில் படும்போது சிவப்பு தெரியும். அந்தப் பாட்டில் புளி போட்டு வைக்க வேண்டும் என்று அம்மா மூன்று முறை கேட்டுவிட்டார்.